கார் ஷெட்டை அம்மாவுக்கு அறையாக்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்களுக்குச் சொந்த வீடு. கீழே ஹால், சமையலறை, ஒரு பாத்ரூம். மாடியில் இரண்டு பெட்ரூம். குடியாத்தத்தில் தனியாக இருக்கும் அம்மாவை இங்கே அழைத்து வரப்போகிறோம். மூட்டு வலி, மாடி ஏற முடியாது. ஹாலை ஒட்டி 10-க்கு 18 அடியில் கான்கிரீட் தளம் போட்ட கார் ஷெட் இருக்கிறது. கார் இல்லை, ஸ்கூட்டர்தான் நிற்கிறது. முன்பக்கம் ஒரு சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டினால் அறை ரெடி என்கிறார் மேஸ்திரி. பின்னாளில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார் கணவர். ஷெட்டின் தரை ஹாலைவிட 2 அடி தாழ்வு, உயரம் ஒன்பதரை அடி. தண்ணீர் சம்ப்பும் ஷெட்டுக்குள்தான் இருக்கிறது. செய்யலாமா?

பதில்: சுவர் எழுப்புவது பெரிய வேலை இல்லை, அதில் மேஸ்திரி சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயங்கள்தான் இதைத் தீர்மானிக்கப்போகின்றன: தரை மட்டம், உயரம், சம்ப்.

முதலில் தரை. ஹால் மட்டத்துக்குக் கொண்டுவர 2 அடி கிராவல் கொட்டி உயர்த்தினால் மிஞ்சும் உயரம் ஏழரை அடி. குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஏறத்தாழ 9 அடி வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. விதியை விடுங்கள், ஃபேனைப் பாருங்கள். எவ்வளவு குட்டைக் கம்பி போட்டாலும் இறக்கை ஆறரை அடியில் சுற்றும். சட்டை கழற்றக் கையைத் தூக்கினால் அடி நிச்சயம்.

சரி, அரை அடி மட்டும் உயர்த்தலாம் என்றால் 9 அடி கிடைக்கும். ஆனால் ஹாலுக்கும் அறைக்கும் நடுவே ஒன்றரை அடி பாக்கி நிற்கும். பாத்ரூம் ஹால் பக்கத்தில்தானே? அப்படியானால் மூட்டு வலிக்காரர் ஒவ்வொரு முறையும் மூன்று படி ஏறி இறங்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் சேர்த்து. சாய்தளம் போட்டுவிடலாமே என்பார்கள். பிடித்து நடக்கும் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பது கணக்கு. ஒன்றரை அடி ஏற 18 அடி நீளம் வேண்டும். உங்கள் ஷெட்டின் முழு நீளமே அவ்வளவுதான்!

ஷெட்டுக்குள்ளேயே புது டாய்லெட் கட்டலாமா என்றால், அது இன்னும் சிக்கல். தாழ்வான தரையில் கோப்பை வைத்தால், கழிவு போகும் குழாய் செப்டிக் டேங்கின் வாயைவிடக் கீழே போய்விடலாம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் நிம்மதி இல்லை. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது. பெருமழையில் மேன்ஹோல் நிரம்பினால், தாழ்வாக இருக்கும் கோப்பை வழியாகத்தான் அது எதிர்த்து வரும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அந்த உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள்.

ஆகவே என் யோசனை வேறு. அம்மாவை ஷெட்டுக்கு அனுப்பாதீர்கள், சோபாவை அனுப்புங்கள்.

ஹால் 12-க்கு 20 அளவில் இருந்தால், பாத்ரூமை ஒட்டிய பக்கத்தில் 12-க்கு 10 தடுத்தாலே ஒரு கட்டில், பீரோ, நாற்காலி வைக்க இடம் போதும். வெளிச்சுவர் ஜன்னல் ஒன்று அந்தத் தடுப்புக்குள் வர வேண்டும், அதுதான் முக்கியம். தடுப்புக்குச் செங்கல் வேண்டாம். 4 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழ்கள் உள்ள சிமென்ட் கல்) எடை குறைவு. கதவு 3 அடி அகலம் வையுங்கள், நாளைக்கு வாக்கர் வந்தாலும் இடிக்காது. பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ். செலவு செய்வதானால் இங்கே செய்யுங்கள்.

ஷெட்டை வந்தவர்கள் உட்காரும் இடமாக்கிவிடலாம். முன்பக்கம் கிரில், அதில் கொசுவலை. தரைக்கு டைல்ஸ், ஹாலுக்கு ஏறும் படிக்கு ஒரு கைப்பிடி. ஸ்கூட்டர் கேட் ஓரமாக நிற்கட்டும். சுவரே எழுப்பாததால் சம்ப், காற்று எல்லாம் இருந்தபடி இருக்கும். நாளைக்குக் கார் வாங்கினாலும் சோபாவை நகர்த்தினால் முடிந்தது.

இல்லை, ஹால் சின்னது, ஷெட்டைத்தான் அடைக்க வேண்டும் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

சம்ப் மூடி எங்கே இருக்கிறது? அறைக்குள் மாட்டினால் அது பெரிய தலைவலி. காவிரிக் குடிநீர் வந்தாலும் தினமும் வருவதில்லை, அதனால் சம்ப் இல்லாமல் வேலூரில் குடித்தனம் நடத்த முடியாது. அதைக் கழுவ ஆள் இறங்க வேண்டும், லாரித் தண்ணீர் வந்தால் குழாய் விட வேண்டும். நான்கு பக்கமும் அடைத்த அறைக்குள் சம்ப்பைத் திறந்து ஆள் இறக்குவது ஆபத்து. சம்ப்பின் ஒரு பகுதியாவது கேட் பக்கம் நீண்டிருந்தால் அங்கே புது வாய் திறந்து, பழையதைக் கான்கிரீட்டால் மூடலாம். நீளவில்லையென்றால் புது சம்ப் செலவையும் மேஸ்திரியின் எஸ்டிமேட்டோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஷெட்டில் இருப்பது செப்டிக் டேங்கின் மூடி என்றால் பேச்சே வேண்டாம், விட்டுவிடுங்கள். வாஸ்து பார்க்கச் செலவழிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

புதுச் சுவர் எதன் மேல் உட்காரும் என்றும் கேளுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழும்பினால், ஓரடி நீளத்துக்கே 400 கிலோ அளவுக்கு எடை இறங்கும். ஷெட் தரை பெரும்பாலும் கொட்டிய மண்ணின் மேல் போட்ட வெறும் காங்கிரீட்; அதன் மேல் நேராகக் கட்டினால் இரண்டு மழைக்காலத்தில் மூலையில் விரிசல் விடும். தூண்களுக்கு நடுவே அடியில் பீம் ஓடுகிறதா என்று ஓர் இடத்தில் தோண்டிப் பாருங்கள். சம்ப்பின் மூடு தளத்தின் மேல் சுவர் வரவே கூடாது.

அப்புறம் வெயில். மரமில்லாத மலை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, ராத்திரியில் சூட்டைத் திருப்பித் தருவதை அக்னி நட்சத்திரத்தில் இங்கே தூங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷெட்டின் ஒரு பக்கம் ஹால் சுவர், இன்னொரு பக்கம் காம்பவுண்டு. முன்னாலும் அடைத்தால் காற்று எங்கிருந்து வரும்? வறண்ட வெப்பமான ஊர்களில் ஜன்னல், வென்டிலேட்டர் திறப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். உங்கள் 180 சதுர அடிக்கு 18 சதுர அடி, அதாவது 4-க்கு நாலரை அடியில் ஒரு ஜன்னல். அதோடு, இப்போது ஷெட்டைப் பார்த்துத் திறக்கும் ஹால் ஜன்னலின் கதியையும் யோசியுங்கள். அறை கிடைக்கும், ஹால் இருட்டிவிடும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, பிளானில் வண்டி நிறுத்தும் இடம் என்று காட்டியதை அறையாக மாற்றுவது உங்கள் இஷ்டத்துக்கு விட்ட காரியம் இல்லை. பழைய அப்ரூவல் பிளானை எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரோடு மாநகராட்சிக்குப் போய், மாற்றியமைத்த பிளானுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஷெட் பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடத்தில் நின்றால் வழி அடைபடும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ஈபி மீட்டர் ஷெட்டுக்குள் இருந்தால் அதை வெளியே மாற்ற மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து நீங்களே கழற்றாதீர்கள்.

உங்கள் கணவரின் வாடகைக் கணக்குக்கு: நிரந்தரக் குடித்தனம் என்றால் 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அது லாட்ஜ் தொழில். வீட்டு மின் இணைப்பு, வீட்டு வரி இரண்டுமே அங்கே பொருந்தாது. வங்கதேசத்திலிருந்து வருகிற நோயாளி ஒருவரைத் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைன் படிவத்தில் நிரப்பியாக வேண்டும். பாபு ராவ் தெருவில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இது அன்றாட வேலை. வீட்டில் அம்மாவையும் பார்த்துக்கொண்டு இதையும் யார் செய்வது என்று அவரையே கேளுங்கள்.