இறுகிப்போன பின்சக்கர ஹப்: பழைய டிராக்டரை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சிறிய நிலம் வைத்திருக்கிறோம். ஜான் டியர் 4020 டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆனால், பின்சக்கரங்கள் 40 அங்குல வரிசைக்கு ஏற்ற அகலத்தில் இருக்கின்றன. 30 அங்குல வரிசையில் மக்காச்சோளம் விதைக்க அவற்றை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு ஹப்புகளும் (சக்கரத்தின் நடுப்பகுதிகள்) ஆக்சிலில், அதாவது அச்சுத் தண்டில், இறுகிவிட்டன. சூடு காட்டினால் ஒரே நாளில் கழன்றுவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: டிராக்டரை வாங்கலாம், சூடு காட்டும் யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். டயர் பூட்டிய சக்கரத்தில் நெருப்பைக் காட்டினால் உள்ளிருக்கும் காற்றும் ரப்பரும் சூடேறி டயர் வெடிக்கக்கூடும். அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. போதாததற்கு, துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றிய இடத்தில் தீயும் பற்றும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் அருகிலுள்ள ஆக்சில் சீலும் கெடும்.

1963 முதல் 1972 வரை அயோவாவின் வாட்டர்லூவில் தயாரான இந்த மாடலில், வரிசை அகலத்துக்கேற்ப ஆக்சில் மீது நகர்த்தும்படியே பின்சக்கரம் அமைக்கப்பட்டது. கூம்பான ஸ்லீவ் (உறை) ஒன்றைச் சக்கரத்தின் நடுத்துளைக்குள் போல்ட்டுகள் இழுத்து இறுக்கும்; அதை வெளியே தள்ளுவதற்கென்றே மரையிட்ட துளைகளும் அந்த ஸ்லீவில் உண்டு. பல ஆண்டுகள் அசைக்காமல் விட்டால் இடையில் துரு கட்டிக்கொள்ளும். பாரத்துக்காக டயரில் நிரப்பிய கால்சியம் குளோரைடு கரைசல் கசிந்திருந்தால் அரிப்பு இன்னும் மோசமாக இருக்கும். ரிம்மிலும் வால்வைச் சுற்றியும் வெள்ளைப் படிவு தெரிகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளைகளின் மரையைத்தான். மரை நன்றாக இருந்தால் இது பொறுமை கேட்கும் வேலை மட்டுமே. உள்ளே முறிந்த போல்ட் கிடந்தாலோ, வெல்டிங் தழும்போ வார்ப்பிரும்பில் விரிசலோ இருந்தாலோ, முன்பே யாரோ முரட்டுத்தனமாக முயன்று தோற்றிருக்கிறார் என்று பொருள். அப்போது ஸ்லீவையே அறுத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம்.

கழற்றும் முறை இதுதான். இடைவெளிகளில் துருவை இளக்கும் எண்ணெயைச் சில நாட்கள் திரும்பத் திரும்ப ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகு இறுக்கும் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். ஆனால் முழுவதுமாக எடுத்துவிடக் கூடாது, ஏனெனில் பிடி விடும்போது ஸ்லீவ் எகிறி வரும். அடுத்து, தள்ளும் துளைகளில் உறுதியான போல்ட்டுகளைப் போட்டு, மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, போல்ட் தலையில் சம்மட்டியால் தட்டி, ஒரு நாள் அப்படியே விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சக்கரத்தை நேரடியாக ஓங்கி அடித்தால் விரிசல் விடும். போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு டிராக்டரை வட்டமடித்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரைசல் நிறைந்த சக்கரம் மிகக் கனமானது. அதை நகர்த்தும்போது ஆக்சிலுக்கு அடியில் வெறும் ஜாக்கை நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும்.

விலை பேசும்போது, 'இருக்கும் நிலையிலேயே' என்று எழுதி விற்கும் தனியார் விற்பனையில் பின்னர் புகார் சொல்ல அநேகமாக இடமில்லை என்பதை மனத்தில் வையுங்கள். ஒரே நாள் வேலை என்கிறவர், பணம் வாங்குமுன் இரண்டு ஸ்லீவுகளையும் தளர்த்திக் காட்டட்டும். அவர் மறுத்தால், புதிய ஸ்லீவுகளுக்கும் மெக்கானிக் கூலிக்கும் ஒரு மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை முழுவதுமாக விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். விதைப்புக்கு வேறு டிராக்டர் உங்களிடம் இருந்து, இதை வண்டி இழுக்கவும் புல் வெட்டவும் மட்டுமே வாங்குவதானால் ஹப்பைத் தொடவே தேவையில்லை. ஆனால் அதை விற்பவரிடம் சொல்லாமல் பேரத்தை முடியுங்கள்.