நடைபாதையைத் தின்னும் சாய்தளம்

கேள்வி: எங்கள் தெருவில் பழைய வீடுகளை இடித்து வரிசையாக அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஜல்லி, மணல் எல்லாம் நடைபாதையில்தான். யாரிடம் சொல்வது?
- வாசகி, மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: மாநகராட்சியின் 1913க்குப் போன் போடுங்கள், புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். ஜல்லியாவது வேலை முடிந்ததும் போய்விடும், ஆனால் கார் ஏறுவதற்காக நடைபாதையை உடைத்து ரோடு வரை ஒரு சிமென்ட் சாய்தளம் போடுவார்களே, அது போட்டால் போட்டதுதான், அதனால் கலவை காய்வதற்குள் சண்டை போடுங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) அமைப்பின் நெறிமுறைப்படி நடக்க மட்டுமே குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். டேப் வைத்து அளந்து, போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். அப்புறம், ரோடு போட வந்தால் பழைய தாரைச் சுரண்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரோடு உயர்ந்து மழைத்தண்ணீர் உங்கள் வாசலுக்குள்தான். பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதையை அகலப்படுத்தினார்களே, உங்களுக்குப் பக்கம்தான், கவுன்சிலரிடம் அதைக் காட்டியே கேளுங்கள்.