உங்கள் உலகின் காலப்பெயர்கள் குறித்து

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கற்பனை உலகில் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வரும் அறிஞர்கள் பழங்காலத்தைப் பொற்காலம், இருண்ட காலம் என்று பிரிப்பது செயற்கையாகத் தோன்றுகிறது என எழுதியிருந்தீர்கள். அப்பெயர்களை அந்தந்தக் காலத்து மாந்தரே பேசுவதுதான் கோளாறு என்று கருதுகிறேன். கிழக்கு உரோமப் பேரரசின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோப்பிள் 1453இல் வீழ்ந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே, 1557இல் வெளியான ஒரு ஜெர்மானிய அறிஞரின் தொகுப்பையொட்டி 'பைசாந்தியம்' என்ற பெயர் அப்பேரரசுக்கு வழங்கத் தொடங்கியது; அங்கு வாழ்ந்தவர்களோ இறுதிவரை தங்களை உரோமர் என்றே அழைத்துக்கொண்டனர். நம் இலங்கையின் அநுராதபுரக் காலமும் பொலன்னறுவைக் காலமும் தலைநகரை வைத்துப் பின்வந்தோர் இட்ட பெயர்களே.

மட்டக்களப்பில் எங்கள் அம்மம்மா காலத்தை அப்படிப் பிரித்ததில்லை. 1957 வெள்ளத்துக்கு முன், 1978 சூறாவளிக்குப் பின் என்றுதான் பிறப்பையும் திருமணத்தையும் சொல்வார். 2004க்குப் பிறகு சுனாமியும் அக்கணக்கில் சேர்ந்தது. இந்த வழக்கை உங்கள் கடலோர மக்களுக்குக் கொடுங்கள். தலைநகரக் கல்வெட்டுகளை மட்டும் படித்த அறிஞர்கள் ஓர் அரசமரபின் பெயரைச் சூட்டட்டும். இரு கணக்குகளின் எல்லைகளும் பொருந்தாமல் நிற்கட்டும்.

இருண்ட காலத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள். சங்க காலத்துக்குப் பின் தமிழகத்தை ஆண்ட களப்பிரரின் காலத்துக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டதற்குச் சான்றுகளின் குறைவும், பிற்கால அரசர்களின் சாசனங்கள் காட்டிய பகைமையும் காரணங்கள்; பூலாங்குறிச்சிக் கல்வெட்டு போன்றவை கிடைத்த பின்னர் அப்பெயர் கேள்விக்குள்ளானது. உங்கள் கதையிலும் யாரேனும் ஒருவர் வாவிக்கரையில் அப்படியொரு கல்லைக் கண்டெடுக்கலாம்.