மலைக்கு வண்டி மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பு நலச்சங்கம் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை நடமாடும் மருத்துவ வாகனம் அனுப்ப நிதி திரட்டுகிறது. ஆள் குறைந்த மலைகளில் சுகாதார நிலையம் கட்டி மருத்துவரை உட்கார வைப்பது வீண்செலவு, வாகனமே போதும் என்பது என் கருத்து. சரிதானே?
– வாசகர் ஒருவர், அண்ணா நகர், சென்னை

பதில்: நிதியைத் தாராளமாகத் திரட்டுங்கள். ஆனால் நிலையம் வீண்செலவு என்கிறீர்களே, அதை ஏற்க இயலவில்லை. அரசின் விதியே உங்களுக்கு எதிராக இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கே ஒன்று வேண்டும். துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்குப் பதில் 3,000 பேருக்கு ஒன்று. மக்கள் சிதறி வாழும் இடத்தில் தலைகளை மட்டும் எண்ணினால் போதாது, தூரத்தையும் எண்ண வேண்டும்.

நாள் குறித்துச் செய்யக்கூடிய வேலைகளுக்கு வாகனம் மிகவும் உதவும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை, தடுப்பூசி. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு ரத்தசோகை நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கமோ 2023-இல்தான் தொடங்கியது. அத்தகைய நோய்க்கு ஊர் ஊராகச் சென்று ரத்தம் எடுத்துச் சோதிக்க வாகனம் பொருத்தமானதே.

பாம்புக்கடியும் பிரசவ வலியும் உங்கள் வாகனம் வரும் தேதியைப் பார்த்து வருவதில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேர்வதற்குள் இறந்ததையும், சாலை இல்லாததால் உடலைத் தாயே கையில் சுமந்து சென்றதையும் சென்னையில் இருந்தபடி நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். நம் நகரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. பழங்குடியினர் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து உருவாகும் மருந்து பழங்குடியினரின் மலைக்கு நேரத்தில் ஏறுவதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். தூளாக வரும் அந்த மருந்துக்குக் குளிர்பெட்டிகூடக் கட்டாயமில்லை. அதை ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்கத் தெரிந்த ஒருவர் இரவிலும் அங்கே இருக்க வேண்டும். நீங்கள் வீண்செலவு என்று தள்ளுவது அந்த ஒருவரைத்தான்.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராகவும் ஊர்ப் பணியாளராகவும் ஆக்கினார்கள். அங்கும் பணியாளர்கள் ஊர்களைத் தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்த நோயாளியை அனுப்பி வைக்க இரவு பகலாக ஒரு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது என்பதால் அந்தப் பயணத்துக்குப் பயன் உண்டு.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைச் சந்தித்துப் பேசுங்கள். மாதந்தோறும் அதே ஊர்களுக்கு, அதே நாளில், முடிந்தால் சந்தை நாளில் போங்கள். காலை பதினொன்றுக்கு வந்து மூன்று மணிக்கு இறங்கிவிடும் வண்டி, கூலிக்குப் போனவர்களைப் பார்ப்பதே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் புதுப் படம் போடுவதற்காக மாதம் ஒரு புது ஊர் என்று அலைந்தால், சென்ற மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கிய பாட்டி அடுத்த மாதம் எங்கே போவார்? நோயாளிகளின் விவரங்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள். மிஞ்சும் பணம் இருந்தால் வண்டிக்கு உங்கள் சங்கத்தின் பெயரை எழுதச் செலவிடாதீர்கள். அந்த மலையில் பிறந்த ஒரு பெண்ணின் செவிலியர் படிப்புக்குக் கட்டணமாகக் கட்டுங்கள்.