எண்ணைப் பார்த்தீர்களா? பழைய தையல் மிஷின் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய தையல் மிஷின் பற்றியவை. ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பதி எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் ஏழு வருடமாகப் பழைய தையல் மிஷின் சேர்க்கிறோம். இப்போது பதினொன்று இருக்கிறது. அவர் கழற்றி மாட்டுவார், நான் தைத்துப் பார்ப்பேன். போன மாதம் சேலத்தில் ஒரு கடைக்காரர் "1890-இல் வந்த சிங்கர்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி 18,000 ரூபாய்க்கு விற்றார். பளபளவென்று இருந்தது. வீட்டில் துடைக்கும்போது பார்த்தால் எண் 'ஈ.சி.' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது. ஓரத்தில் பெயின்ட் உரிந்து, கீழே பட்டி (விரிசலை அடைக்கும் பூச்சு) தெரிகிறது. கேட்டால் "பழசுன்னா அப்படித்தான்மா" என்கிறார். பில்லில் 'தையல் மிஷின் 1' என்று மட்டும் இருக்கிறது. பணம் திரும்ப வருமா? — ஏற்காடு

பதில்: அம்மா, உங்கள் இருவர் மேலும் எந்தத் தப்பும் இல்லை. வருடத்தைச் சொல்லி விற்றவர் அவர். அது பொய்.

சிங்கர் மிஷினின் வயதை அதுவே சொல்லும். அடித்தட்டின் வலது ஓரத்தில், மேல் கையைத் தாங்கும் தூணுக்குக் கீழே எண் குத்தியிருப்பார்கள். 1900-க்கு முந்தைய மிஷினில் வெறும் எண்தான், எழுத்து கிடையாது. ஒற்றை எழுத்து அதற்குப் பிறகு வந்தது. உங்களுடையது போல 'ஈ' என்று தொடங்கும் இரட்டை எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் 1930-களின் நடுவிலிருந்து போட்டது. ஆக, உங்கள் மிஷினுக்கு அவர் நாற்பது வருடத்துக்கு மேல் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

இனி பெயின்ட். இதைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. பழைய மிஷினுக்குப் புது பெயின்ட் அடிப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அந்தக் கறுப்பு, ஜப்பான் வார்னிஷ் என்று சொல்லும் பூச்சைப் பூசிச் சூளையில் சுட்டு எடுத்தது. அதன் மேல் தங்கப் பூ வேலை, அதற்கும் மேல் மெல்லிய அரக்கு வார்னிஷ். துணி உரசிய இடத்தில் அந்தப் பூ தேய்ந்திருக்கும். ஒருத்தி உட்கார்ந்து வருடக்கணக்கில் பாவாடையும் சட்டையும் தைத்த தடம் அது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, "ரீகண்டிஷன் பண்ணினது" என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். எண்ணெய் விடும் துளைகளெல்லாம் பெயின்ட்டில் அடைந்துபோகும். அதைவிட மோசம், உடைந்த வார்ப்பிரும்பு வெளியே தெரியாமல் போவது.

நானே அதில் மாட்டினேன். சில வருடங்களுக்கு முன் 6,500 ரூபாய் கொடுத்து, கண்ணாடி மாதிரி மின்னிய ஒன்றை வாங்கி வந்தேன். பத்தாவது நாள் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் சுருங்கியது. சுரண்டிப் பார்த்தால் தூண் இரண்டாக உடைந்து, வெல்டிங் வைத்து, பட்டி பூசியிருந்தது. ஊசி ஒருநாளும் நேராக இறங்கவில்லை. என்னிடம் பில்லும் இல்லை, கேட்க வழியும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. திருகுத் தலையின் பள்ளத்துக்குள் பெயின்ட் இருந்தால் அந்த மிஷினை விட்டுவிடுங்கள்.

உங்களிடம் இரண்டு நல்ல ஆயுதம் இருக்கிறது: பில், வாட்ஸ்அப் செய்தி. பில்லில் வருடம் இல்லை என்று கவலைப்படாதீர்கள், செய்தியில் இருக்கிறது. அதை அழித்துவிடாமல் அச்செடுத்து வையுங்கள். எண்ணையும் உரிந்த இடத்தையும் படம் எடுங்கள். முதலில் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பதினைந்து நாள் கெடு கொடுத்தால் போதும். அசையாவிட்டால் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதுவரை மிஷினைக் கழற்றாதீர்கள். ஐயாவுக்குக் கை பரபரக்கும், தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பாட்டியின் பழைய சிங்கர் மிஷினுக்கு மூன்று லட்சம் தருவதாக ஒருவர் போன் செய்கிறார். உள்ளே சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம். சோதனைக்கு ஆள் வர முன்பணம் 5,000 ரூபாய் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? — அம்மாப்பேட்டை

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

தையல் மிஷினுக்குள் இரும்பும் எண்ணெயும்தான் உண்டு. 2009-இல் சவுதி அரேபியாவில் இதே வதந்தி கிளம்பி, பழைய சிங்கர் மிஷினை ஜனங்கள் கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். நம் ஊரில் இரிடியம், ரைஸ் புல்லர் (அரிசியை இழுக்கும் அதிசயப் பாத்திரம்) என்று ஏமாற்றியவர்களின் கதையும் இதுதான். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு படம் பார்த்துப் பிடித்துப்போய் 9,000 ரூபாய் ஜிபே செய்தேன். பார்சலில் வந்த மிஷினின் சக்கரம் சுற்றவே இல்லை. விற்றவர் ஒரு தனி ஆள், எடுக்க மாட்டேன் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? — சூரமங்கலம்

பதில்: ஒரே ஒரு படத்தைப் பார்த்து ஒன்பதாயிரமா? சக்கரத்தைச் சுற்றி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கலாமே. எண்ணையும் கேட்கவில்லை, ஓடுமா என்றும் கேட்கவில்லை. இதை எத்தனை முறை எழுதுவது?

சரி, நடந்ததைப் பார்ப்போம். வீட்டுப் பொருளை ஒருமுறை விற்ற தனி ஆள் வியாபாரி ஆகமாட்டார். அவர் மேல் நுகர்வோர் வழக்கு நிற்பது கஷ்டம். ஓடும் என்று அவர் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் போலீசுக்குப் போக ஒரு பிடி கிடைக்கும். அதற்குமுன் மிஷினைப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்ததில் எண்ணெய் காய்ந்து பிசின் ஆகியிருக்கலாம். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு இரண்டு நாள் அப்படியே வையுங்கள். பிறகு சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். அசைந்தால் மிஷின் எண்ணெய் விட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? — ஏற்காடு

பதில்: கூடாது. நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அது உறைந்தே போகும். தையல் மிஷின் எண்ணெய் விலை அதிகமில்லை.

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. இரண்டு பேருக்கும் பழைய மிஷின் என்றால் ஆசை. படகு மாதிரி ஷட்டில் (அடிநூலைக் கொண்டு ஓடும் பாகம்) உள்ள ஒன்று 4,000 ரூபாய்க்கு வருகிறது. ஷட்டில் மட்டும் இல்லையாம், வெளியே கிடைக்கும் என்கிறார் விற்பவர். முதல் மிஷினாக அதை வாங்கலாமா? — ஐந்து ரோடு

பதில்: வேண்டாம். கிடைக்கும் என்று சொல்பவரிடமே வாங்கி மாட்டித் தரச் சொல்லுங்கள், அப்போது தெரியும். நான் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு எட்டு மாதம் அலைந்தேன். ஷட்டில் இல்லாமல் அது ஒரு தையல்கூடப் போடாது. கடைசியில் காயலான் கடையில் வேறொரு உடைந்த மிஷினையே விலைக்கு வாங்கி, அதிலிருந்து எடுத்து மாட்டினேன்.

முதல் மிஷின் கறுப்பு உஷாவாகவோ மெரிட்டாகவோ இருக்கட்டும். வட்ட பாபின் போடும் சாதாரண வகை. பாபின், பாபின் கேஸ், ஊசி எல்லாம் தையல் சாமான் கடையில் அன்றைக்கே கிடைக்கும். போகும்போது ஒரு துண்டுத் துணியும் நூலும் கொண்டுபோங்கள். ஒருவர் தைத்துப் பார்க்கும்போது இன்னொருவர் அடியில் குனிந்து விரிசல் பாருங்கள். விலையை இரண்டு பேரும் வெளியே வந்து பேசிக்கொண்டு பிறகு சொல்லுங்கள். ஜோடியாகச் சேர்ப்பதில் உள்ள பெரிய வசதி அதுதான், தனி ஆளான எனக்கு அது கிடைக்கவில்லை. முதல் மிஷின் ஒழுங்காகத் தைத்தால் அடுத்ததற்குத் தைரியம் வரும். படகு ஷட்டில் எங்கேயும் ஓடிப்போகாது.

கேள்வி: கை மிஷினை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். நல்லதுதானே? — செவ்வாய்ப்பேட்டை

பதில்: உடனே நிறுத்துங்கள். ஸ்பிரிட் மேலே உள்ள அரக்கைக் கரைத்துத் தங்கப் பூவையும் சேர்த்து எடுத்துவிடும். மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள்.

கேள்வி: அம்மாவின் சிங்கரைக் கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப ஆசை. தடை ஏதும் உண்டா? — அஸ்தம்பட்டி

பதில்: முதலில் எண்ணைப் பாருங்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம், அப்படி வந்தால் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையில் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு பார்சல் கட்டுங்கள். ஹெட்டை, அதாவது தைக்கும் மேல் பாகத்தை, ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும். ஷட்டிலையும் பாபினையும் மகள் ஊருக்கு வரும்போது அவர் கைப்பையிலேயே கொடுத்தனுப்புங்கள்.