திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து அறிக்கை விடுவதைத் தவிர, அநீதிக்கு எதிராக வேறென்ன செய்ய முடியும்?

இதற்குத் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் பேரவையே நல்ல சான்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட பல சபைகள் இணைந்த அப்பேரவை, நிறவெறிக் கொள்கை நற்செய்திக்கு முரணானது என்று 1968-இல் அறிவித்ததோடு நில்லாமல், அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவித்தொகையும், ராபன் தீவுச் சிறைக்குச் சென்று அவர்களைப் பார்த்துவர வழிச்செலவும் கொடுத்தது. ஒரு மனைவி தன் கணவனைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலாவது காண முடிந்ததை, எந்தத் தீர்மானத்தையும்விடப் பெரிய இறைப்பணியாக நான் மதிக்கிறேன். வெள்ளையரின் டச்சு சீர்திருத்தச் சபையோ வேதத்தைக் காட்டியே நிறவெறியை நெடுங்காலம் நியாயப்படுத்தியது. ஆகவே ஒற்றுமை முழுமையாக இருந்ததில்லை. ஆங்கிலிக்கன் ஆயர் டெஸ்மண்ட் டுட்டு 1978 முதல் 1985 வரை பேரவையின் பொதுச் செயலாளராக இருந்தார். ஜொகனஸ்பர்க்கில் அதன் தலைமையகமான கோட்சோ இல்லம் 1988 ஆகஸ்டில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதைச் செய்தது காவல்துறையே என்பது பின்னர், நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வெளிவந்தது.