கடைசி விளக்கு ஏன் சிவக்கிறது?

ஐயா, என் கணினிக்கு நானே ஓர் எல்இடி கட்டுப்பாட்டுக் கருவி செய்திருக்கிறேன். ஆர்டுயினோ நானோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டை, 120 விளக்குகள். கணினியின் பவர் சப்ளையிலிருந்து ஜம்பர் கம்பியில் 5 வோல்ட் எடுத்துப் பட்டையின் ஒரு முனையில் கொடுத்தேன். முழு வெள்ளை வைத்தால் கடைசி விளக்குகள் சிவக்கின்றன. பட்டையை இருமுறை மாற்றியும் பயனில்லை. விளக்குகளை இயக்க எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) நல்லது?
வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

லைப்ரரி கிடக்கட்டும். ஃபாஸ்ட்எல்இடியோ நியோபிக்சலோ, கைக்கு வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையை ஏன் மாற்றினீர்கள்? அதுவும் இருமுறை! எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். எங்களுடையது லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீடு. தோட்டக் கணக்கரான கிராணி வீட்டில் பளீரென்று எரியும் அதே பல்பு எங்கள் வீட்டில் பழுத்த பப்பாளி நிறத்தில் எரியும். அப்பா முறையிட்டபோது, "பல்பை மாற்று" என்றார்கள். பால் வெட்டிய காசில் மாற்றினார். மறுபடியும் மாற்றினார். கம்பி மெல்லியது, தூரம் அதிகம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் வந்தது.

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 120 விளக்குகளுக்கு 7.2 ஆம்பியர். அதையா ஜம்பர் கம்பியில் ஓட்டுகிறீர்கள்? அந்தக் கம்பியைத் தொட்டாவது பார்த்தீர்களா? பெட்டிக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். பட்டைக்குள் ஓடும் செம்பும் மெல்லியதுதான். கடைசிக்குப் போவதற்குள் 5 வோல்ட் தேய்ந்துவிடும். ஒவ்வொரு விளக்கிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்துதான் வெள்ளை. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வேண்டும். அவை முதலில் மங்கிவிட, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

தடித்த கம்பியில் பட்டையின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுங்கள். இடையில் ஒரு ஃபியூஸ். நானோவின் கிரவுண்டும் (மின்சாரம் திரும்பும் இணைப்பு) பட்டையின் கிரவுண்டும் சேர்ந்திருக்கட்டும். பவர் சப்ளையிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற நான்கு கம்பி இணைப்பில் சிவப்புக் கம்பிதான் 5 வோல்ட், மஞ்சள் 12. மாற்றிக் கொடுத்தால் மூன்றாவது பட்டையும் போய்விடும்.

அதற்கு முன் ஒரு வேலை. வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்துக் கடைசி விளக்கைப் பாருங்கள். வெள்ளையாகிவிட்டால், கழற்றிப் போட்ட அந்த இரண்டு பட்டைகளையும் தேடி எடுத்து வையுங்கள். அவற்றில் பழுதே இருந்திருக்காது.

அன்புடன்.